முதல் எண்ணெய் விளக்குக்கு

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். மரச்செக்கு செய்கிற இடமென்றால் கோயில் மாதிரி இருக்கும் என்று ஒரு நினைப்பு. உள்ளே இரண்டடி வைத்ததும் லேத்திலிருந்து விழுந்த இரும்புச் சுருள் காலில் குத்தும். ஐயோ என்று ஒற்றைக் காலில் நிற்பார்கள். "செருப்பப் போட்டுக்கிட்டு வாங்க சார், இது பட்டறை" என்பேன்.

உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். பாரம்பரியம், முன்னோர், நாம் தொலைத்துவிட்ட வாழ்க்கை. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். என் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். எங்கள் நிலத்து மல்லாட்டை டிராக்டரில் போய், டவுன் மில்லில் இரும்பு மெஷினுக்குள் விழுந்துதான் எண்ணெயானது. வளர்ந்து கல்யாணம் ஆகிற வரைக்கும் மரச்செக்கு என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. முதன்முதலாக ஒரு மரச்செக்கை நான் பார்த்தது, நானும் என் வீட்டுக்காரரும் அதைச் செய்து முடித்த அன்றைக்குத்தான்.

என் வீட்டுக்காரர் லேத் வேலை தெரிந்தவர். திருவண்ணாமலையில் செங்கம் ரோடு ஓரமாக அவருடைய அப்பா விட்டுப்போன இடத்தில் ஒரு ஷெட் போட்டு, எண்ணெய் மில்களுக்கு ஷாஃப்ட், கியர் என்று பழுது பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குக் கை பேசும், வாய் பேசாது. வாய்க்கு நான். ஒருநாள் ஒருத்தர் வந்து போனில் ஒரு படத்தைக் காட்டினார். மர உரல், மர உலக்கை, கீழே மோட்டார். "இத மாதிரி பண்ணித் தருவீங்களா?" என்றார். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "பண்ணலாம்" என்று நான் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

முதல் உரல் பிளந்தது. இரண்டாவதில் உலக்கை முறிந்தது. வாகை மரத்தை வாங்கி வந்த கையோடு கடையக் கூடாது, ஒரு கோடை முழுக்க நிழலில் கிடந்து காயவேண்டும் என்பதை எந்த முன்னோரும் வந்து எங்களுக்குச் சொல்லவில்லை. பிளந்த மரம்தான் சொன்னது. மூன்றாவது செக்கு ஓடியது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம், ஏதோ நாங்களே பெற்றுப்போட்ட மாதிரி.

பிறகு வந்தது பாருங்கள் ஒரு காலம்! வேலையை விட்டவர், ரிடையர் ஆனவர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், எல்லோருக்கும் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைக்கவேண்டும். பட்டறை வாசலில் ஆள் காத்திருப்பார்கள். பச்சை மரத்தில் போட்டுக் கொடுத்தாலும் வாங்கிப்போகத் தயார். "ஒரு கோடை காயணும், இஷ்டமிருந்தா காத்திருங்க, இல்லைன்னா வேற பட்டறை பாருங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்வேன். திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள்.

ஒரே ஒரு தொல்லை தீரவில்லை. எவ்வளவு காய்ந்த மரமாக இருந்தாலும் புதுச் செக்கில் முதல் நாலைந்து முறை ஆட்டுகிற எண்ணெய் கசக்கும். மரம் எண்ணெயைக் குடித்துக்கொண்டு தன் கசப்பை விடும். நாங்கள் பட்டறையிலேயே பழைய பிண்ணாக்கைப் போட்டு ஓட்டித்தான் அனுப்புவோம், ஆனாலும் மிச்சக் கசப்பு இருக்கும். "அத சமையலுக்கு எடுக்காதீங்க" என்று தொண்டை வறளச் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. எண்ணெயைக் கொட்ட மனசு வருமா? தாளித்துவிட்டு, "கசக்குதும்மா" என்று போன் போடுவார்கள்.

ஒருநாள் கரண்ட் இல்லை, எனக்கு மண்டை இடி, ஒருத்தர் விடாமல் நோண்டிக்கொண்டிருந்தார். கொட்டாமல் இருக்க வழியே இல்லையா என்று. என் வாயில் வந்தது: "முதல் எண்ணெய் சாமிக்குங்க. விளக்குக்குத்தான் ஊத்தணும். மனுசன் வாயில வைக்கக் கூடாது."

அவர் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்படியா, தெரியாமப் பேசிட்டேன்" என்றார். கிரிவலப் பாதையில் ஒரு லிங்கத்துக்கு அந்த எண்ணெயைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, பிரசாதம் வேறு கொண்டுவந்து கொடுத்தார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அதே வாக்கியம். ஒரு போன் வரவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒருமுறை, "சாமி பேர்ல பொய் சொல்றியே" என்றார். "சாமிக்கு எண்ணெய் கிடைக்குது, எனக்கு நிம்மதி கிடைக்குது. இதுல யாருக்கு நஷ்டம்?" என்றேன். மலையைச் சுற்றிப் பிழைக்கிற ஊர் இது. பட்டறைக்காரி சொல்லிக் கேட்காததைச் சாமி சொன்னால் கேட்பார்கள். கொஞ்ச வருஷத்தில் மற்ற பட்டறைக்காரர்களும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு போட்டிப் பட்டறைக்காரர் என்னிடமே வந்து, "இது எங்க பாட்டன் காலத்து வழக்கம்மா" என்றார். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏறினது இறங்காமல் இருக்குமா? தெருவுக்கு ஒரு செக்குக் கடை வந்தது. தெருவுக்கு ஒன்று மூடவும் மூடியது. நாங்கள் விற்ற செக்குகளே பாதி விலைக்கு எங்களிடம் திரும்பி வந்து நின்றன. அப்புறம் ஊரடங்கு. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் ஈ காக்கை இல்லை. அதற்கப்புறம் நோய் பயத்தில் எல்லோரும் நல்ல எண்ணெய் தேடினார்கள், ஒரு வருஷம் மூச்சுவிட நேரமில்லை. பயம் போனது, ஆர்டரும் போனது. அழுதாலும் பிள்ளை அவளேதான் பெறவேண்டும் என்று நானும் விடாமல் ஷெட்டைத் திறந்துகொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் என் கொழுந்தனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. ஷெட்டுக்குப் பின்னால், ஆசிரமத்துப் பக்கமாக, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ரூம்கள் கட்டி விட்டிருக்கிறார். ஷெட் நிற்கிற இடத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. நல்ல மனுஷர்தான். ஆனால் ஷெட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணுக்கு அட்டாச்டு பாத்ரூமோடு ரூம்களாகத்தான் தெரியும்.

"அண்ணி, காலைல மோட்டார் சத்தத்துல தியானம் பண்ண முடியலன்னு ரூம்காரங்க கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க."

"பஸ் போறது, ஹாரன் அடிக்கிறது எல்லாம் கேக்கலையாமா? என் மோட்டார் மட்டும்தான் கேக்குதா?"

"பத்து மணிக்கு மேல போடுங்களேன்."

வேலை இல்லாத காலம், சரி என்று தொலைத்தேன். அதிலிருந்து பத்து மணிக்கு மேல்தான் மோட்டார். விட்டுக்கொடுத்தது உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வருஷம் ஐப்பசியில் அவர் நேராகவே கேட்டார். "எத்தன நாளைக்கு அண்ணி இப்படி? ஆர்டர் கம்மி, கவலை ஜாஸ்தி. எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்க எதுக்குக் காயணும்? இடிச்சிட்டு ரூம் கட்டலாம். உங்களுக்கும் பாதி."

கீழ்பென்னாத்தூர் பக்கத்து மகளிர் குழு ஒன்று அப்போது மூன்று செக்குக் கேட்டு விசாரித்திருந்தது. சொந்த மல்லாட்டையை மில்லுக்கு விற்காமல் தாங்களே எண்ணெயாக்கி விற்கப் போகிறார்களாம். கார்த்திகை தீபம் முடிந்து சொல்கிறோம் என்றிருந்தார்கள். அதை அவரிடம் சொன்னேன்.

"சரி அண்ணி. அந்த ஆர்டர் வந்தா நான் வாயத் தொறக்கல. வரலைன்னா பொங்கலுக்குள்ள ஷெட்ட எடுத்துக்கலாம். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். கோபத்தில் சொன்னேன். என் வீட்டுக்காரர் லேத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மறுபடி ஓட்டினார்.

இடையில் ஒரு செக்கு போயிருந்தது. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிக் கதவெல்லாம் வைத்துக் கடை போட்டார். செக்கை இறக்கி வைத்துவிட்டு வழக்கம்போலச் சொன்னேன்: "முதல் எண்ணெய் சாமிக்கு. விளக்குல ஊத்திடுங்க."

அவர் சிரித்தார். "எனக்கு அதுலல்லாம் நம்பிக்கை இல்ல மேடம்."

எனக்குச் சுருக்கென்றது. மரம், கசப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வருஷக்கணக்காக அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி வாய் அதிலேயே தடம் விழுந்து கிடந்தது. "உங்க இஷ்டம்" என்று வண்டி ஏறிவிட்டேன்.

தீபத்துக்கு ஊரே கூட்டத்தில் திணறும் நாட்களில் அவர் கடையைத் திறந்தார். முதலில் ஆட்டிய எண்ணெயைத் தெளியவைத்து, அழகாகப் பாட்டிலில் அடைத்து, அத்தனையும் விற்றார். மறுநாளே பாட்டில்கள் திரும்பி வந்தன. அதற்கடுத்த நாள் வீடியோ வந்தது. கையில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பச்சை மரத்துல செக்கு பண்ணி ஏமாத்துறாங்க" என்கிறார். பிறகு செக்கின் இடுப்பில் பதித்திருந்த எங்கள் பேர்ப் பலகையைக் கிட்டத்தில் காட்டுகிறார்.

பச்சை மரம்! யாரைப் பார்த்து? ஒரு கோடை காயாத மரத்தை உளி தொடவிடாதவள் நான். ஆர்டர் இல்லாத வருஷத்திலும் அடுத்த வருஷத்துக்கு மரம் வாங்கிப் போட்டவள். சோறு இறங்கவில்லை. ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்கள். மகளிர் குழுத் தலைவிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

கொழுந்தனார் வந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, அதையும் சொல்லவேண்டும். "அண்ணி, போய் ஒரு சாரி சொல்லி வேற செக்கு குடுத்துடுங்க. இனிமே எதுலயும் பேர்ப் பலகை வேணாம். அதனாலதான் மாட்டுறோம்."

"பேரு இல்லாம அனுப்ப அது என்ன கள்ளச்சாராயமா?" என்றேன்.

அன்றைக்கே அந்தக் கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் கூட வந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "இன்னிக்கு ஆட்டின எண்ணெய் குடுங்க" என்று கேட்டு வாங்கி, உள்ளங்கையில் ஊற்றி நக்கினேன். மல்லாட்டை வாசனை தவிர வேறு எதுவும் இல்லை. "நீங்களும் பாருங்க. கசக்குதா?"

அவர் விரலில் தொட்டு வைத்துப் பார்த்தார். "இது கசக்கல. முதல்ல கசந்துச்சு."

"முதல்ல கசக்கத்தான் செய்யும். எந்தப் புதுமரமும் கொஞ்ச நாளைக்குக் கசப்ப விடும். அதுக்குத்தானே விளக்குல ஊத்தச் சொன்னேன்?"

"நீங்க மரம்னு சொல்லல மேடம். சாமின்னுதான் சொன்னீங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "மரம்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவனிடம் தோற்பதைவிட எரிச்சல் வேறு உண்டா? அவர் கையில் போன் ஓடிக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"மரம்னு சொன்னப்போ இந்த ஊர்ல ஒருத்தரும் கேக்கல தம்பி. சாமின்னு சொன்னேன், எல்லாரும் கேட்டாங்க. அந்த வழக்கத்தக் கட்டிவிட்டதே நான்தான். எழுதிக்குங்க. முதல் எண்ணெய் கசக்கும். என் செக்கும் கசக்கும், எவன் செக்கும் கசக்கும். ஆனா பச்சை மரம்னு சொன்னீங்க பாருங்க, அது பொய். பட்டறைக்கு வந்து மரத்தப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

அதுவும் அன்று மாலையே வீடியோவாக வந்தது. அவர் ஒரு வார்த்தை வெட்டவில்லை, கூட்டவில்லை. அந்த விதத்தில் நேர்மையான பிள்ளைதான். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? "சாமி பேரைச் சொல்லி ஏமாற்றிய பெண்" என்றார்கள். "செக்குக்கும் சிவலிங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள்" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். போட்டிப் பட்டறைக்காரர் போன் போட்டு அழாத குறை. "எங்க பொழப்புலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியேம்மா! நூறு வருசத்து வழக்கத்த..."

"எதுங்க நூறு வருசம்? கரண்ட் போயி எனக்கு மண்டை இடிச்ச அன்னிக்குப் பொறந்த வழக்கம் அது" என்று வைத்துவிட்டேன்.

மார்கழி பிறந்தது. குழுவிலிருந்து பேச்சு மூச்சில்லை. ஒருநாள் காலையில் கொழுந்தனார் ஒரு கட்டட மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சும்மா அளந்து மட்டும் பாக்கறோம் அண்ணி" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மேஸ்திரி டேப்பை இழுத்தார். மரங்கள் அடுக்கியிருக்கிற மூலையில் பாத்ரூம் வருமாம்.

அந்தப் பக்கம் கேஸ் கட்டர் சீறுகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் ஒரு தகட்டில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பேர்ப் பலகைதான். ஆனால் வழக்கமாக வெட்டுவதைவிட இரண்டு மடங்கு பெரிய தகடு.

"எந்தச் செக்குக்குங்க இது? யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல" என்றார். "வீடியோல நம்ம பேரு சரியாத் தெரியல. அதான் பெருசா வெட்றேன்."

இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. மேஸ்திரி டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி என்னிடமே நீட்டினார். நான் பிடிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. பின்னாலிருந்து ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்த மகளிர் குழுத் தலைவியம்மாவுக்கு என்னைவிட வயது ஜாஸ்தி. வெற்றிலை போட்ட வாய். செருப்பைக் கழற்றாமல் நேராக உள்ளே வந்தார். அப்போதே எனக்குப் பிடித்துப்போனது.

"மரம் இன்னா எடத்துல வச்சிக்கிற? காட்டு."

காட்டினேன். ஒவ்வொரு கட்டையாகத் தட்டினார், முகர்ந்தார், நகத்தால் கீறினார். மற்றவர்களும் கீறினார்கள்.

"எத்தினி வாட்டி கசக்கும்?"

"நாலஞ்சு வாட்டி, அக்கா."

"அதுக்கு மேலயும் கசந்தா?"

"அந்த எண்ணெயக் கொண்டாந்து என் தலையிலயே ஊத்துங்க."

அவர் திரும்பி என் வீட்டுக்காரர் பக்கம் போனார். தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்தார். எங்கள் பேர் முடிந்தும் வாசிப்பு நிற்கவில்லை. "முதல்... எண்ணெய்... கசக்கும்" என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பேருக்குக் கீழே அதையும் வெட்டியிருந்தார் இந்த ஊமைக் கோட்டான். பெரிய தகடு அதற்குத்தான்.

"போன எடமெல்லாம் தேனுன்னான், அமிர்தம்னான்" என்றார் தலைவியம்மா. "விக்கிறவங்களே கசக்கும்னு இரும்புல எழுதி இங்கதான் பாக்கறேன். மூணு செக்கு பண்ணு."

"வீடியோ பாத்தீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"ரெண்டையும் பாத்தோம். அந்தப் பையன் கடையில போய் எண்ணெயும் வாங்கிப் பாத்தோம். நல்லாத்தான்கீது. ஆனா ஒண்ணு, முதல் எண்ணெய நாங்க விளக்குக்குத்தான் ஊத்துவோம்."

"அது நானாக் கட்டிவிட்டதுக்கா. கேட்டீங்க இல்ல?"

"கேட்டோம். நீ கட்டிவிட்டா இன்னா? அது கசந்தா இன்னா? விளக்குக்கு நாக்கா கீது?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். நான் கொழுந்தனாரைப் பார்த்தேன். அவர் மேஸ்திரியிடம், "டேப்பச் சுருட்டுப்பா" என்றார்.

"சுருட்ட வேணாம்" என்றேன். "மேஸ்திரி, அந்த மூலைல இன்னும் கொஞ்சம் நீட்டி மரம் வைக்க ஒரு சுவரு எழுப்பணும். அதுக்கு அளந்துட்டுப் போங்க."

பங்குனியில் மூன்று செக்கும் போய் இறங்கின, மூன்றின் இடுப்பிலும் அந்தப் பெரிய பலகையோடு. முதல் எண்ணெயைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்கள் கிரிவலப் பாதைக்கு வந்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். கொழுந்தனாரும் வந்தார், அவர் ரூமில் தங்கியிருந்த இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மண்டை இடியில் என் வாயில் வந்த வார்த்தை அங்கே வரிசையாக அகல்களில் எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் போட்டுக்கொண்டார். பார்த்துவிட்டு நானும் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது கொழுந்தனார் மெதுவாக ஆரம்பித்தார். "அண்ணி, இந்த வருஷம் சரி. அடுத்த வருஷம் ஆர்டர் இல்லைன்னா..."

"அடுத்த வருஷம் வரட்டும், அப்போ சண்ட போட்டுக்கலாம்" என்றேன். "நாளைலேர்ந்து காலைல ஏழு மணிக்கு மோட்டார் போடுவேன். உன் ரூம்காரங்ககிட்ட இன்னிக்கே சொல்லிடு தம்பி."